நாம் மருந்து என்று சொன்ன புகை

என் நைனாவுக்கு, மாடி அறைக் கட்டிலில் உன் உடம்பு படுத்த பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது என்று நம்புகிற உன் பாப்பா எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. நம் வீட்டில் யாருக்கும் கடிதம் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. துறைமுகத்தில் கரி இறக்கிவிட்டுத் திருவொற்றியூருக்குத் திரும்பும்போது, சொல்ல வேண்டியதையெல்லாம் நீ தெருமுனையிலிருந்தே கத்திச் சொல்லிவிடுவாய். அது மூச்சு இருக்கிற நாளில். மூச்சு இல்லாத நாளில் கையைக் காட்டுவாய். இந்த விஷயத்தைக் கத்தவும் முடியாது, கையால் காட்டவும் முடியாது. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். நாம் செய்த தப்பை இன்னும் சில வீடுகளில் செய்துகொண்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. தம்பி பாபு இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். ஓட்டுகிற நேரத்தைவிட எண்ணூர் சாலையில் வரிசையில் நிற்கிற நேரம்தான் அதிகம் என்கிறான். அவனும் அவன் மனைவியும் எர்ணாவூரில் இருக்கிறார்கள். இந்த வீட்டில் நான் மட்டும்தான். அதே ராயபுரம் பள்ளி, அதே உயிரியல் பாடம். வருஷம் தவறாமல் கரும்பலகையில் நுரையீரல் வரைகிறேன். நன்றாகவே வரைவேன் என்று உனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தி. வெளி மாடிப்படியின் அடியில் ஊமத்தை முளைத்திருக்கிறது.

போன மழைக்குப் பிறகு வந்தது. நீ காயை உடைத்து வீசுவாயே, அந்த இடத்தில்தான். முதலில் ஒரு செடி. பிறகு சுவரை ஒட்டி நாலைந்து. யாரோ அளந்து நட்டதுபோல ஒரே இடைவெளியில் நின்றன. நான் உயிரியல் படித்தவள். அது என்ன செடி, அதில் என்ன விஷம் என்று தெரியும். பிடுங்கிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. பிடுங்கவில்லை. தினமும் பள்ளிக்குப் போகும்போது அதன் பக்கத்தில் பார்த்து நடந்து போனேன். தூங்குகிறவரைத் தாண்டிப் போவதுபோல.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் வாசனை வந்தது.

நாலரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறேன். மாடியிலிருந்து உன் வாசனை இறங்குகிறது. பீடியும் ஊமத்தை இலையும் சேர்ந்து எரிகிற வாசனை, ஈரச் சாக்கைத் தீயில் போட்டதுபோல. இந்த உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வாசனை அது. மேலே போய்ப் பார்த்திருக்க வேண்டும். அறைக்குப் பூட்டுகூடக் கிடையாது, தாழ்ப்பாள்தான். நான் போகவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து, கொண்டு வந்த விடைத்தாள்களைத் திருத்தினேன். இருபது தாள் திருத்தி முடித்தபோது வாசனை போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தது. அதன்பின் வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை. ஒரு நாள் விசில் சத்தமும் கேட்டது. உன் நெஞ்சுக்குள்ளிருந்து வருமே, இழுக்கும்போது ஒரு சுருதியும் விடும்போது ஒரு சுருதியுமாக. அதே விசில். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

உனக்குச் சிரிப்பு வரும். ஒரு நாள் காலையில் கிளம்பும்போது மேல் படியில் ஒரு டம்ளர் டீயை மூடி வைத்துவிட்டுப் போனேன். உனக்குப் போடுவதுபோல, சர்க்கரை இல்லாமல். சாயங்காலம் டம்ளர் காலியாக இருந்தது. பூனை மூடியைத் திறந்து குடித்து, திரும்ப மூடி வைக்குமா? அன்றிலிருந்து தினமும் வைத்தேன். சில நாள் டீ அப்படியே ஆறிக் கிடக்கும். சில நாள் காலி. காலியாக இருக்கிற நாளில் எனக்கு ஒரு நிம்மதி. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நம் வீட்டில் அதை நாம் புகை என்று சொன்னதே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? மருந்து என்போம். உனக்குப் பத்து வயதில் மூச்சு அடைத்தபோது காசிமேட்டு வைத்தியர் ஒருவர் காய்ந்த ஊமத்தை இலையைப் புகைக்கச் சொல்லிக் கொடுத்ததாக நீ சொல்வாய். இழுத்ததும் நெஞ்சு திறந்துகொண்டது. அதற்கு முன் எத்தனையோ கஷாயம் குடித்தும் திறக்காத நெஞ்சு. தனியாக அந்த இலை சரியாக எரியாது என்று பீடியைப் பிரித்து அதில் கலந்தாய். வருஷம் போகப் போக பீடித்தூள் கூடியது, இலை குறைந்தது. கடைசியில் மூச்சு ரொம்ப மோசமான நாளில் மட்டும்தான் இலை, மற்ற நாளெல்லாம் வெறும் பீடி. ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. ‘நைனா மருந்து போடறாரு’ என்றுதான் சொல்வோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, ‘பாப்பாவோட நைனாவுக்கு பீடி, சிகரெட் எதுவும் கெடயாது’ என்று சித்தி பெருமையாகச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

அம்மா போன பிறகு அதைப் பற்ற வைத்தது நான். எனக்கு ஒன்பது வயது, பாபுவுக்கு மூன்று. உனக்கு இழுப்பு வந்தால் கை நடுங்கும், தீக்குச்சி நிற்காது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நான்தான் நுனியைக் காட்டி, ஒரே ஒரு இழுப்பு இழுத்து, தீ பிடித்ததும் ஓடி வந்து உன் வாயில் வைப்பேன். கல்லூரி முடிக்கும் வரை அது என் வேலை. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அந்த வீட்டில் உன் மூச்சைத் திறக்கிறவள் நான்.

கொஞ்ச நேரத்தில் உன் கண்மணி பெரிதாகும். நீ வாசலைப் பார்ப்பாய். “பாப்பா, அந்தாளு வந்து கீறாரு பாரு. ஈரத்தோட நிக்கறாரு. ஒரு துண்டு குடு.”

திரும்பிப் பார்ப்பேன். வாசலில் வெயில்தான் இருக்கும். “யாரு நைனா?”

“தெரிஞ்ச ஆளு மாரி கீது. மூஞ்சி தெர்ல. சொட்டச் சொட்ட நிக்கறாரு பாவம். குடு பாப்பா.”

நான் கதவின் தாழ்ப்பாளில் ஒரு துண்டைத் தொங்கவிடுவேன். மறுநாள் அந்தத் துண்டு மடித்துக் கொடியில் கிடக்கும். நீயா மடித்தாய் என்று நான் கேட்டதே இல்லை. ஏன் கேட்கவில்லை?

இதை பாபுவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவன் சின்னப் பையன், பயந்துவிடுவான் என்று அப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பெரியவனான பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள். பிறகு இதற்கு வருகிறேன்.

உன் கடைசி வருஷங்களில் தண்டையார்பேட்டை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேனே. முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாய். பேச முடியவில்லை. அவர்கள் கொடுத்த தாளை நான்தான் நிரப்பினேன். ‘சிறு வயதில் ஆஸ்துமா உண்டா’ என்ற இடத்தில் ‘உண்டு’. ‘புகைப்பழக்கம் உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’. எழுதும்போது நீ எட்டிப் பார்த்தாய். தலையை ஆட்டினாய்.

ஆஸ்துமாவுக்கு மருந்து கொடுத்தார்கள். பாதிதான் கேட்டது. டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு இரண்டாவது முறையும் கேட்டார், “உண்மையாவே புகை இல்லையாம்மா? சட்டையில வாசனை வருதே?” நான் உயிரியல் ஆசிரியை. நுரையீரலை உள்ளும் புறமும் தெரிந்தவள். “கூட வேலை செஞ்சவங்க யாராவது பக்கத்துல குடிச்சிருப்பாங்க டாக்டர்” என்றேன்.

முதல் பதிலை நம்பிச் சொன்னேன் என்று வைத்துக்கொள். இரண்டாவது பதிலுக்கு அந்தச் சாக்கு கிடையாது. உன்னை யாரும் திட்டிவிடக் கூடாது என்று சொன்ன பொய் அது.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எப்போதும்போல் டீ வைத்தேன், சாயங்காலம் டம்ளர் காலியாக இருந்தது. அதற்கு மறுநாள் தேர்வு முடிந்து பள்ளி மதியமே விட்டுவிட்டது. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். வாசனை இருந்தது, விசில் இருந்தது. கூடவே பேச்சுக் குரலும். யாரோ தணிந்த குரலில், நடுநடுவே மூச்சு வாங்க, பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் ஏறிப் போய் அறைக் கதவைத் திறந்தேன். உன் கட்டிலில் பாபு உட்கார்ந்திருந்தான். தரையில் உன் பழைய தகர டப்பா, அதில் காய்ந்த இலை. உதடு வறண்டு, முகம் சிவந்து, கண் முழுக்கக் கறுப்பாக இருந்தது. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வாயில் விரல் வைத்து, பேசாதே என்று காட்டினான்.

“இன்னாடா பண்ற இங்க?”

“உஷ். நைனா வந்து கீறாரு. இப்பதான் வந்தாரு.” கதவைக் காட்டினான். “நனைஞ்சிகினு நிக்கறாருக்கா. சொட்டுது பாரு. ஒரு துண்டு எடுத்தா.”

நைனா, நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்று வயதுப் பையனை நான் அனுப்பிவிடுவேன். அனுப்பினேன்தானே?

அவன் நெஞ்சைத் தொட்டபோது இதயம் தறிகெட்டு அடித்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. தூக்கி நிறுத்தி, படியில் இறக்கி, ஆட்டோ பிடித்து அதே டாக்டரம்மாவிடம் போனேன். ஆட்டோவில் அவன் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தான். “நைனா பின்னாடியே நடந்து வராரு, நிறுத்த சொல்லு” என்றான். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்சம் தெளிந்ததும் டாக்டரம்மா கேட்டார், “புகைப்பழக்கம் இருக்கா பாபு?”

பாபு தலையை ஆட்டினான். “இல்ல மேடம். சின்ன வயசுலேர்ந்து வீசிங். எங்க நைனாவுக்கும் இதே. ஃபேமிலி வீசிங்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். உனக்காக அன்றைக்கு நான் உட்கார்ந்த அதே நாற்காலி. பாபுவும் என்னைப் பார்த்தான். உன்னைப்போலவே, தலையை லேசாக ஆட்டி.

“குடிக்கிறான் டாக்டர்” என்றேன். “பதினெட்டு வயசுலேர்ந்து பீடி. இப்ப பீடியோட ஊமத்தை இலை. எங்க வீட்ல அதுக்கு மருந்துன்னு பேரு. எங்க நைனாவும் குடிச்சாரு. நாப்பது வருஷத்துக்கு மேல. நான்தான் பத்த வெச்சேன். உங்ககிட்ட ரெண்டு தடவை பொய் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஊமத்தை மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் திறக்கத்தான் செய்யும், அதனால்தான் ஆட்கள் நம்பிவிடுகிறார்கள், அதே இலை மூளையையும் இதயத்தையும் பிடித்து ஆட்டும், ஒரு நாள் அளவு தப்பினால் உயிர் போகும் என்றார். உடம்பு தேறியதும் ஊதிப் பார்க்கும் சோதனைக்கு வரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் போனோம். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாய் வைத்து ஊதச் சொன்னார்கள். “ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும்” என்று அந்தப் பெண் கைதட்டினாள். பாபு முகம் நீலமாகும் வரை ஊதினான். மருந்து உறிஞ்சக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஊத வைத்தார்கள். திரையில் கோடு முதல் முறையைவிட மேலே ஏறியது. ஏறி, பாதியில் நின்றுவிட்டது.

டாக்டரம்மா அந்தக் கோட்டை விரலால் தொட்டுச் சொன்னார்: “இந்த அளவு ஏறுது பாருங்க, இது ஆஸ்துமா. மருந்துக்குத் திறக்குது. இதுக்கு மேல ஏறாம நிக்குதே, அது புகை பண்ண வேலை. அது திரும்பாது. ஒரே நெஞ்சுல ரெண்டு வியாதி. ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒளிஞ்சுக்கும். ஆஸ்துமான்னு மட்டும் நெனச்சா பாதி வைத்தியம்தான் நடக்கும். உங்கப்பாவுக்குக் கரித்தூளும் சேர்ந்திருக்கும்.”

நான் கேட்டேன், “அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா எங்க நைனா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?”

“தெரியாதும்மா. நிறுத்தச் சொல்லியிருப்பேன். வேற மருந்தும் சேர்த்துக் குடுத்திருப்பேன். நாள் கணக்கு என்னால சொல்ல முடியாது. ஆனா இவருக்கு இன்னும் லேட் ஆகல. இன்னைக்கு நிறுத்தினா மீதியக் காப்பாத்தலாம்.”

என்னையும் ஊதச் சொன்னார். அத்தனை வருஷம் ஒரு இழுப்பு இழுத்தவள் அல்லவா. என் கோடு எங்கும் நிற்காமல் அழகாக ஏறியது. அதைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். எதற்கு என்று நீயே சொல்.

பாபு என்னோடு பேசவில்லை. வெளியே வந்ததும் ஒன்று மட்டும் சொன்னான். “டாக்டர் முன்னாடி மானத்த வாங்கிட்டல்ல. செத்துப் போன மனுசன் மானத்தையும் சேத்து.” பஸ் ஏறிப் போய்விட்டான். போன் எடுக்கவில்லை. மருந்து உறிஞ்சுகிறானா என்று அவன் மனைவியிடம் கேட்டுக்கொண்டேன். உறிஞ்சுகிறான், ஆனால் சட்டையில் பீடி வாசனை இருக்கிறது என்றாள். ஒன்பது நாள் அப்படிப் போனது.

பத்தாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், வந்தான். உள்ளே வரவில்லை. மூன்றாவது படியில், என் இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“டீ போடறியா? சக்கர போட்டு. இத்தினி நாளா சக்கர இல்லாத டீய வெச்சிகினு, மனுசன் குடிப்பானா அத்த.”

“உனக்குன்னு யாருடா வெச்சது? நைனாவுக்கு வெச்சேன்.”

“தெரியும். அதான் குடிச்சேன். நீ உள்ள போனப்பறம்தான் எறங்கிப் போவேன்.” செடியைப் பார்த்தான். “மூச்சுக்காவ மட்டும் குடிக்கலக்கா. முதல்ல மூச்சுக்காவத்தான் எடுத்தேன். அப்பறம் அத்த குடிச்சா நைனா வராருன்னு தெரிஞ்சிது. ஒரு வார்த்த பேச மாட்டாரு. நனைஞ்சிகினு நிப்பாரு, அவ்ளோதான். அதுவே போதும்னு கீது.”

எனக்கும் அது போதும் என்றுதான் இருந்தது, நைனா. அதை அவனிடம் சொன்னேன். மூன்று மாதமாக வாசனை வந்தது தெரிந்தும் கதவைத் திறந்து பார்க்காமல், கீழே உட்கார்ந்து உன்னோடு இருப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன் என்று சொன்னேன். என் தலைக்கு மேலே என் தம்பி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். உனக்காக ஒரு முறை வாயை மூடினேன். உன் வாசனைக்காக இன்னொரு முறை.

பாபு டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, “அந்தச் செவ்வாக்கெழம குடிச்சது நான் இல்ல” என்றான்.

“எந்தச் செவ்வாய்?”

“நீ என்ன புடிச்சதுக்கு மொத நாளு. அன்னிக்கி முழுக்க காட்டுப்பள்ளி கேட்டாண்ட லைன்ல நின்னுகினு இருந்தேன். இங்க வர்ல.”

இருவரும் மாடியைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெயிலில் தகரக் கூரை படபடவென்று சத்தம் போட்டது.

“புடுங்கிடு” என்றான். “நீயே புடுங்கு. நான் புடுங்கனா நைனாவ நானே வெளிய அனுப்பன மாரி இருக்கும்.”

பள்ளி ஆய்வகத்துக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். வேர் நான் நினைத்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. காய் ஒன்றுகூட விடாமல் பொறுக்கிப் பையில் கட்டினேன். உன் தகர டப்பாவையும் அதோடு போட்டேன். பாபு சட்டைப் பையிலிருந்த பீடிக் கட்டைத் தானாகவே எடுத்து நீட்டினான். அன்றிலிருந்து இந்த நாள் வரை நாற்பத்தொரு நாள். அதில் இரண்டு முறை தவறிவிட்டான், இரண்டு முறையும் அவனே போன் பண்ணிச் சொன்னான். எங்கள் வீட்டில் இது புதுப் பழக்கம்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து கிளம்பும்போது கேட்டான், “இனிமே வருவாராக்கா?”

தெரியவில்லை என்றேன். வருவாயா, நைனா?

நீ யாரைப் பார்த்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாபு பார்த்தது அந்த ஈரத்துக்காரரையா, உன்னையா, அதுவும் தெரியாது. இலையின் விஷம் என்று பாடம் நடத்துவேன். அது சரியான பாடம்தான். ஆனால் இரண்டு பேருக்கும் வந்த ஆள் ஏன் நனைந்தே வர வேண்டும் என்று என் பாடப் புத்தகத்தில் இல்லை.

அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மாடிக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளைத் துண்டு, புதுசு. எப்போதும் அங்கே இருக்கும். நீ எந்த நேரம் வந்தாலும் துடைத்துக்கொண்டு உட்கார். டீ இருக்கும். ஆனால் பற்ற வைக்க மட்டும் என்னைக் கூப்பிடாதே. உனக்கும் பற்ற வைக்க மாட்டேன், உன் மகனுக்கும் பற்ற வைக்க விடமாட்டேன். இனி யார் கேட்டாலும் அதன் பெயரைப் புகை என்றே சொல்வேன்.

உன் மூத்த மகள்,
பாபுவுக்கு அக்கா